சிறு மகிழுந்துகளில் அனைத்துச் சக்கர இயக்கம்

அனைத்துச் சக்கர இயக்கம் என்பது, எஞ்சினின் ஆற்றலை மகிழுந்தின் நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தும் அமைப்பாகும். பேச்சு வழக்கில் இது 'ஃபோர் வீல் டிரைவ்' எனப்படுகிறது. பெரும்பாலான சிறு மகிழுந்துகளில் முன்னிரு சக்கரங்கள் மட்டுமே எஞ்சினால் சுழற்றப்படுகின்றன. பின்னிரு சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. பனியிலும் சேற்றிலும் வண்டி புறப்படவும் மேடேறவும் அனைத்துச் சக்கர இயக்கம் பெரிதும் உதவுகிறது. வண்டியை நிறுத்துவதில் அதற்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லை. விற்பனை விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை அரிதாகவே சொல்கின்றன.

வகைகள்

1985 இல் அறிமுகமான மாருதி ஜிப்சியிலும், 2023 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னியிலும் உள்ளது பகுதிநேர அமைப்பு. இயல்பான ஓட்டத்தில் இவை பின்சக்கர இயக்க வண்டிகளே. ஓட்டுநர் ஒரு நெம்புகோலை நகர்த்தினால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்படும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட நீண்ட வழியைக் கடப்பதால், இந்தப் பிணைப்புடன் உலர்ந்த தார்ச்சாலையில் திரும்பினால் பல்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். ஆகவே இது வழுக்கும் தரைக்கு மட்டுமே உரியது.

2014 இல் வந்த ரெனோ டஸ்டரின் அனைத்துச் சக்கர வடிவம் வேறு வகை. அதில் முன்சக்கரங்களே வழக்கமாக வண்டியை இழுக்கின்றன. அவை வழுக்கத் தொடங்கியதை உணரிகள் கண்டறிந்ததும், மின்காந்தக் கிளட்ச் ஒன்று ஆற்றலில் ஒரு பகுதியைப் பின்சக்கரங்களுக்கு அனுப்புகிறது. உண்மையிலேயே சிறிய வண்டியில் இவ்வியக்கத்தைப் புகுத்தியவற்றுள் 1983 இல் வெளிவந்த இத்தாலியின் ஃபியட் பாண்டா 4x4 புகழ்பெற்றது.

பனியில் ஏற்றமும் இறக்கமும்

ஒரு சக்கரம் தரையைத் தள்ளக்கூடிய பெரும விசை, அதன் மேல் இறங்கும் எடையையும் உராய்வுக் குணகத்தையும் பெருக்கினால் கிடைப்பதாகும். உலர்ந்த தார்ச்சாலையில் இக்குணகம் ஏறத்தாழ 0.8, நனைந்த சாலையில் 0.5, இறுகிய பனியில் 0.2, பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழ்.

முன்சக்கரங்கள் எடையில் 60 விழுக்காட்டைத் தாங்கும் ஒரு வண்டியைக் கருதுவோம். இறுகிய பனியில் அவ்விரு சக்கரங்கள் மட்டும் இழுத்தால், 8 அடிக்கு 1 அடி உயரும் சரிவை ஏறுவதே கடினம். ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாய்வதால் உண்மையில் இன்னும் குறைவாகவே ஏறும். நான்கு சக்கரங்களும் இழுத்தால் 5 அடிக்கு 1 அடி உயரும் சரிவு வரை ஏறலாம்.

இனி அதே சரிவில் கீழே இறங்குவோம். எல்லா மகிழுந்துகளிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு. ஆகவே இங்கு நமது வண்டிக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை. மேலும் 5க்கு 1 என்ற சரிவில் புவியீர்ப்பு இழுக்கும் விசையும் பனியின் உராய்வும் சமமாகிவிடுகின்றன. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டியின் வேகம் குறையாது. இரு சக்கர வண்டி அச்சரிவின் அடிவாரத்திலேயே நின்றிருக்கும். அனைத்துச் சக்கர வண்டியோ ஓட்டுநரை இறங்க முடியாத இடத்துக்கு ஏற்றிவிட்டது!

சமதரையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக் அழுத்தினால், வண்டி நிற்க உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 18 மீட்டரும், நனைந்த சாலையில் 28 மீட்டரும், இறுகிய பனியில் 71 மீட்டரும் வேண்டும். இக்கணக்கில் வேகமும் உராய்வும் மட்டுமே இடம்பெறுகின்றன. இயக்கப்படும் சக்கரங்களின் எண்ணிக்கைக்கு அதில் இடமில்லை.

மழையில்

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியம் பனியை அறியாத ஊர். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நன்கு அறியும். 2015 நவம்பரில் அங்கு ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மிகுதியான மழை பெய்தது. இத்தகைய ஊரில் அனைத்துச் சக்கர இயக்கத்தின் பயன் என்ன? மழையில் குழைந்த களிமண் தடங்களில் அதன் பயன் தெளிவு. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலை போன்ற தார்ச்சாலைகளில் நிலை வேறு. சாதாரணமாக முடுக்கும்போது தேவைப்படும் விசைக்கு நனைந்த தாரின் உராய்வே போதுமானது. பகுதிநேர அமைப்புள்ள வண்டி மழையிலும் அங்கு பெரும்பாலும் பின்சக்கர வண்டியாகவே ஓட்டப்படும்.

மழைச்சாலையின் பெரிய இடர் நீர்ச்சறுக்கல் ஆகும். டயரின் வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்குள் சக்கரம் முன்னேறிவிட்டால், நீர் ஆப்பு போல் நுழைந்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களைக் கொண்டு இதற்கு ஓர் எளிய தொடர்பைக் கண்டனர்: சறுக்கல் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தினுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் இது மணிக்கு ஏறத்தாழ 91 கி.மீ.; அழுத்தம் 25 ஆகக் குறைந்தால் 83 கி.மீ. மகிழுந்து டயருக்கு இது தோராயமே. தேய்ந்த டயர் இதற்கும் முன்பே மிதக்கக்கூடும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு எஞ்சின் ஆற்றலை அனுப்பிப் பயனில்லை.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. இரு சக்கர இயக்கத்தில், ஆக்சிலேட்டரை மிதித்ததும் சக்கரம் வீணாகச் சுழன்று, 'தரை வழுக்குகிறது' என ஓட்டுநரை எச்சரிக்கிறது. அனைத்துச் சக்கர வண்டி சலனமின்றிப் புறப்பட்டுவிடுவதால், வழுக்கலை முதன்முதலில் உணர்வது பிரேக் அழுத்தும்போதுதான்.

டயரின் பங்கு

இந்தியச் சமவெளிகளில் விற்கப்படும் டயர்களின் ரப்பர் வெப்பத்துக்கு ஏற்றது. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே அது விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. 2020 இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வழியே குளிர்காலத்தில் மணாலியிலிருந்து லாகௌல் செல்ல, பனிப்பொழிவு நாட்களில் 4x4 வண்டிகளையும் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் மட்டும் அனுமதிப்பதுண்டு. தமிழ்நாட்டிலிருந்து அதே டயர்களுடன் செல்லும் 4x4 வண்டி அச்சோதனையைக் கடந்துவிடும். ஆனால் அங்குள்ள இறக்கங்களில் சங்கிலி பூட்டிய சாதாரண மகிழுந்தே அதைவிட நம்பகமானது. தமிழர் பலர் வாழும் மொன்றியல் நகரம் அமைந்த கனடாவின் கியூபெக் மாகாணம், 2008 முதல் குளிர்கால டயர்களைச் சட்டப்படி கட்டாயமாக்கியுள்ளது. அனைத்துச் சக்கர இயக்கம் கொண்ட மகிழுந்துகளுக்கு அச்சட்டத்தில் விலக்கு இல்லை.