தொலைந்த கோத்திரங்களும் வாவிக்கரைக் குடிகளும்

தனது மூலத்தைத் தேடுவது ஒவ்வோர் இனத்துக்கும் உரிய இயல்பான வேட்கையாகும். அத்தகைய தேடல்களுள் மிக நீண்டது யூதர்களுடையது எனலாம். கி.மு. 722 அளவில் அசீரியர் வட இஸ்ரவேல் இராச்சியத்தை வீழ்த்தி மக்களை நாடுகடத்தியதையடுத்து, பன்னிரு கோத்திரங்களுள் பத்து வரலாற்றிலிருந்து மறைந்தன. இக்கோத்திரங்கள் பற்றி விவிலியமும் திருக்குர்ஆனும் குறிப்பிடுவதால், இவ்வரலாறு நம் வாசகர்களுக்குப் புதியதன்று.

ஒன்பதாம் நூற்றாண்டில் எல்தாத் என்பவர் தாம் தாண் கோத்திரத்தவர் எனக் கூறிப் பல நாடுகளில் தோன்றினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தூதெலா நகரத்துப் பெஞ்சமின் தமது பயண நூலில் இக்கோத்திரங்கள் பற்றிய செய்திகளைப் பதிவு செய்தார். 1650இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மெனாசே பென் இஸ்ரவேல், அமெரிக்கப் பழங்குடியினரிடையே அவர்கள் காணப்பட்டதாக வந்த செய்தியை வைத்து ஒரு நூலே எழுதினார்.

இத்தேடல் இந்தியாவையும் எட்டியது. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர் இஸ்ரேலில் குடியேறிய பின்னர், அவர்களது யூதத்தன்மை குறித்து மதபீடத்தார் ஐயம் எழுப்பித் திருமணங்களுக்குத் தடை விதித்தனர். பெரும் போராட்டத்தின் பின்னர் 1964இலேயே அவர்கள் முழு யூதராக ஏற்கப்பட்டனர். மணிப்பூர், மிசோராம் மாநிலங்களின் பெனே மெனாசே மக்களை 2005இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஒருவர் தொலைந்த கோத்திரத்தின் வழித்தோன்றல்களென அங்கீகரித்தார். ஆயினும் அவர்கள் முறைப்படி மதம் மாறவேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்படவில்லை. ஒரு சமூகம் யார் என்பதை அச்சமூகமல்லாத வேறொருவர் தீர்மானிக்கும் நிலை இத்தேடலின் விளைவாயிற்று என்பதே இங்கு நோக்கற்பாலது.

இலங்கையிலும் இதனை ஒத்த நிகழ்வு ஒன்றுண்டு. 1888இல் சட்டசபையின் தமிழ் உறுப்பினரான பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டுக் கட்டுரை படித்தார். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கோரப்பட்டிருந்த காலம் அது. 1889இல் அவர்களுக்கு நியமன ஆசனம் கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், சோனகர் அரபு வழியினர் என நிறுவ முற்பட்டு மறுப்பு நூல் வெளியிட்டார். ஆராய்ச்சி வடிவில் நடந்த இவ்விவாதத்தின் அடியில் இருந்தது அரசியல் உரிமையே.

இவ்விரு நூல்களுக்கும் அப்பால், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வேறொரு சான்று உயிருடன் இருக்கின்றது. அதுதான் குடி முறை. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் தாய் வழியாகவே குடியைப் பெறுகின்றனர். ஒரே குடிக்குள் மணம் முடிப்பது மரபன்று. மகளுக்கு வீடு சீதனமாக வழங்கப்படுகின்றது, மருமகன் அவ்வீட்டுக்கு வருகிறார். கோயிலில் குடியின் சார்பில் வண்ணக்கர் இருப்பதுபோல் பள்ளிவாசலில் மரைக்காயர் இருந்து வந்துள்ளார். திமிலருக்கு எதிரான போரில் முக்குவருக்கு முஸ்லிம்கள் துணைநின்ற கதையை இரு சமூகத்தாரும் கூறுவர்.

முஸ்லிம்களின் தந்தை வழி அரேபியா வரை செல்லலாம். ஆயின் குடியைத் தந்த தாய் வழி இந்த வாவிக்கரையில்தான் வேரூன்றியது. ஆகவே, 'நீங்கள் தமிழரே' என அடித்துக் கூறுவதும், 'எமக்கும் தமிழருக்கும் தொடர்பில்லை' என மறுப்பதும் இம்மரபை முழுமையாக விளக்கா.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் சிந்திய இரத்தத்தை இரு சமூகங்களும் மறந்துவிடவில்லை. மறக்குமாறு கோரும் உரிமையும் எவருக்கும் இல்லை. ஆனால், காணி, எல்லை, நிர்வாகப் பிரிவு என ஒவ்வொரு பிணக்கிலும் 'முதலில் வந்தவர் யார்?' என்ற வினாவை முன்வைப்பது தீர்வுக்கு வழிகோலாது. அவ்வினாவுக்கு விடை கிடைப்பினும், பக்கத்து வயலுக்கு நீர் பாய்ச்சும் முறையை அது கற்பிக்காது. மூலத்தைத் தேடுவோர் தேடட்டும். எவர் எவரென்பதை அந்தந்தச் சமூகமே கூறட்டும். அயலவராக வாழும் விதியை மட்டும் நாம் இருசாராரும் கூடி வகுத்துக்கொள்ள வேண்டும்.