ஒரு வாளி ஆகாயத்தாமரை

எட்டாம் வகுப்பில் உயிரினங்களின் ஒருங்கமைவு பாடத்தைப் பல ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். கரும்பலகையில் செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரினம் என்று எழுதி நடுவில் அம்புக்குறி போடுவேன். மாணவர்கள் அதை அப்படியே தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். இனக்கூட்டம், உயிரினச் சமுதாயம், சூழல் மண்டலம் என்பவை வேறொரு பாடத்தின் வேறொரு பட்டியல். இரண்டும் ஒரே தொடர்தான் என்பதை நான் அழுத்திச் சொன்னதே இல்லை.

எங்கள் பள்ளி பட்டாபிராமில் இருக்கிறது. கூவம் ஆற்றிலும் ஆவடி வட்டார ஏரிகளிலும் ஆகாயத்தாமரை படர்வதைப் பார்த்தே வளரும் பிள்ளைகள். ஒருநாள் ஒரு மாணவி, “மெஷின் வெச்சு எல்லாத்தையும் எடுத்தாங்க மிஸ், மறுபடியும் வந்துடுச்சே, ஏன்?” என்றாள். கரும்பலகையில் என் அம்புக்குறிகள் அப்படியே இருந்தன. அவற்றை வைத்து அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு ஒரு வாளி நிறையச் செடிகள் கொண்டுவந்தேன். இலையின் மேல்தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தோம், செல்கள் தெரிந்தன. பிறகு பருத்த இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினோம். பஞ்சு போன்ற காற்றறைகளைப் பார்க்க நுண்ணோக்கியே தேவைப்படவில்லை. துண்டுகளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிசைந்தபோது குமிழிகள் வந்தன. நன்றாக நசுங்கியது மூழ்கியது, அரைகுறையாக நசுங்கியவை மிதந்தன. “அப்ப செல்லு தனியா மிதக்காதா மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். செல்கள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டுத் திசுவாகும்போதுதான் காற்று தங்க இடம் கிடைக்கிறது. செல்லில் இல்லாத ஒரு பண்பு திசுவில் தோன்றுகிறது. அம்புக்குறிக்கு அதுதான் பொருள்.

ஒரு செடி எது என்று எண்ணச் சொன்னபோது வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. தாய்ச்செடியும் சேய்ச்செடிகளும் ஓடுதண்டால் இணைந்திருக்கின்றன. துண்டித்தால் ஒவ்வொன்றும் தனியாகப் பிழைக்கும். எல்லைகள் புத்தகப் படத்தில் உள்ளதுபோல் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்று சொல்லி, சண்டையை அப்படியே விட்டுவிட்டேன்.

பெரிய குழப்பம் அடுத்த படியில் வந்தது. ஏரியிலுள்ள மீன்கள் எல்லாம் சேர்ந்து ஓர் இனக்கூட்டம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். கெண்டை ஓர் இனக்கூட்டம், ஜிலேபி வேறொன்று, கெளுத்தி இன்னொன்று. இவற்றோடு செடிகள், கொக்குகள், கொசுப்புழுக்கள், பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உயிரினச் சமுதாயம். இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பேச்சு வழக்கில் ‘சமுதாயம்’ என்றால் ஒரே வகையினர் என்றுதானே அவர்கள் கேட்டிருக்கிறார்கள்? அறிவியலில் அது பலவகை உயிரினங்களின் கூட்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். ஆகாயத்தாமரையின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. அங்குள்ள செடிக்கும் நம் ஊர்ச் செடிக்கும் செல், திசு, காம்பு எல்லாம் ஒன்றுதான். அங்கே அதைத் தின்னும் பூச்சிகள் அந்தச் சமுதாயத்தில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுச் செடி மட்டும் இங்கே வந்தது. (நியோகெட்டினா என்ற கூன்வண்டு 1980-களில்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.) அத்துடன், கழிவுநீர் கலக்கும் நீர்நிலைகளில் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏராளம். சாதகமான சூழலில் இரண்டே வாரத்தில் இனக்கூட்டம் இருமடங்காகும். மேற்பரப்பு மூடிக்கொண்டால் உள்ளே வெளிச்சம் போகாது, நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும், மீன்கள் திணறும். மெஷின் எடுப்பது செடிகளை மட்டும்தான். சேற்றில் விதைகள் பல ஆண்டுகள் உயிர்ப்போடு கிடக்கின்றன. சத்து மிகுந்த கழிவுநீரும் வந்துகொண்டே இருக்கிறது. பிறகு செடி எப்படி வராமல் இருக்கும்?

மாணவி சற்று யோசித்து, “அப்ப தப்பு செடி மேல இல்ல மிஸ், தண்ணி மேல” என்றாள். சூழல் மண்டலம் என்ற சொல்லை அதன் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மீந்த செடிகளை எந்தக் குளத்திலும் குட்டையிலும் கொட்ட வேண்டாம். பூ, விதை இல்லாத செடிகளாகப் பார்த்து எடுங்கள். நாங்கள் மைதானத்து வெயிலில் காயவைத்து, தோட்டத்து உரக்குழியில் போட்டோம். நன்றாகக் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.