பாவும் ஊடையும்

சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் பாவு முன்னரே அமைந்திருக்கும். ஊடையை நெசவாளர் தம் கையால் செலுத்துவார். உயிர்களின் உடலும் இத்தகையதே. பெற்றோர்வழி வரும் மரபணுக்கள் பாவு. உணவும் பழக்கமும் ஊடை.

இவ்வுண்மையை எலிகளைக் கொண்டு அறியலாம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிஸ் டால், எலிகளைத் தேர்ந்து இரு குலங்களாகப் பெருக்கினார். இரண்டிற்கும் உப்பு மிகுந்த உணவையே அளித்தார். ஒரு குலத்தில் இரத்த அழுத்தம் மிக உயர்ந்தது. மற்றொன்றில் அவ்வாறு உயரவில்லை. 1963இல் ஜப்பானிய அறிஞர்களான ஒகமோட்டோவும் அயோக்கியும், மிகையான உப்பின்றியே அழுத்தம் உயரும் எலிக்குலம் ஒன்றைக் கியோட்டோவில் உருவாக்கியதை வெளியிட்டனர்.

அவ்வெலிகளின் இரத்தக் குழாய்கள் தடித்து விறைக்கின்றன, இதயம் பருக்கிறது, சிறுநீரகம் நலிகிறது. முதுமைக்குரிய தளர்ச்சி முந்தி வருகிறது, ஆயுளும் குறைகிறது. இதற்குக் காரணம் ஒரு மரபணு அன்று, பல.

அங்ஙனமாயின் பிறப்பே முடிவோ? அன்று. டாலின் எலிகளுள் நோய்க்கு எளிதில் ஆட்படுபவையும், உப்புக் குறைந்த உணவில் அத்துணை அழுத்தம் உயராது வாழ்ந்தன.

மாணவர்களே! மாந்தர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்கும் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாவை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊடையோ நம் கையில் உள்ளது.