அழுத்தக் காற்றின் பனிநிலை கண்காணிப்பு

அழுத்தக் காற்றின் பனிநிலை கண்காணிப்பு என்பது கம்ப்ரசரிலிருந்து குழாய்களுக்குச் செல்லும் காற்றில் உள்ள நீராவியின் அளவைத் தொடர்ந்து அளந்து வரும் முறையாகும். காற்றைக் குளிர்விக்கும்போது எந்த வெப்பநிலையில் நீராவி நீர்த்துளியாகத் தொடங்குகிறதோ, அதுவே பனிநிலை. குழாயில் உள்ள அழுத்தத்திலேயே அளக்கப்படும் மதிப்பு அழுத்தப் பனிநிலை எனப்படும்.

நீர் சேரும் விதம்

தென்காசி மாவட்டத்தின் கடையநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவச் சாரல் காலத்தில் இப்பகுதியின் காற்று மிகுந்த ஈரப்பதத்துடன் இருக்கும். 30 °செ. வெப்பநிலையும் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி உண்டு. அழுத்தமானி 7 பார் காட்டும் அளவுக்கு அமுக்கினால், எட்டு கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் அடங்கும். அதில் சுமார் 170 கிராம் நீராவி இருக்கும். ஆனால் 30 °செ.க்கு ஆறியபின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 30 கிராம் மட்டுமே ஆவியாக நிற்க முடியும். மீதி 140 கிராம் நீராகிவிடும். பஞ்சர் கடைக் காற்றுத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால் நீர் கொட்டுவது இதனால்தான்.

பாதிப்புகள்

இந்நீர் குழாய்களைத் துருப்பிடிக்கச் செய்யும். வால்வுகளை இறுகச் செய்யும். காற்றுப் பீய்ச்சுத் தறிகளில் துணியில் கறை படியலாம். நூற்பாலைகளில் அறுந்த நூலைக் காற்றால் இணைக்கும் கருவிகளும் சீராக இயங்கா. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் கருவிக்குச் செல்லும் காற்றில் நீர் கலந்தால் கருவி பழுதாகும், கிருமிகளும் வளரக்கூடும்.

உலர்த்திகளும் அளவுகளும்

குளிர்விப்பு உலர்த்தி அழுத்தப் பனிநிலையைச் சுமார் 3 °செ. வரை இறக்கும். உறிஞ்சி உலர்த்தி −40 °செ. அல்லது அதற்கும் கீழே கொண்டுசெல்லும். ஐஎஸ்ஓ 8573-1 தரநிலையின் ஈரப்பத வகைப்பாட்டில் 3 °செ. நான்காம் வகுப்பு, −40 °செ. இரண்டாம் வகுப்பு. தென்காசிச் சமவெளியில் குழாய்கள் 3 °செ.க்குக் குளிர்வதில்லை. எனவே குழாயில் நீர் தேங்குவதைத் தடுக்கக் குளிர்விப்பு உலர்த்தியே போதுமானது. வெப்பமின்றி இயங்கும் உறிஞ்சி உலர்த்தி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ 15 விழுக்காடு காற்றைச் செலவழிக்கும். தேவையின்றி அதை நிறுவினால் மின்சாரம் வீணாகும்.

அளக்கும் முறை

குளிர்கண்ணாடி அளவியில், பனி படியும் வரை கண்ணாடி குளிர்விக்கப்பட்டு அதன் வெப்பநிலை குறிக்கப்படும். இது துல்லியமானது, விலை மிகுந்தது. ஆலைகளில் பெரும்பாலும் மின்தேக்குத்திறன் உணரிகள் பயன்படுகின்றன; உணரியின் மெல்லிய படலம் ஈரத்தை ஏற்கும்போது அதன் மின்தேக்குத்திறன் மாறுகிறது.

உணரியை உலர்த்திக்கு அடுத்துப் பொருத்துவது வழக்கம். மாதிரிக் குழாய் துருப்பிடிக்கா எஃகாக இருத்தல் நல்லது. ரப்பர் குழாய் வெளி ஈரத்தை உள்ளே விடும். அளந்த அழுத்தத்தையும் குறிக்க வேண்டும். 7 பாரில் 3 °செ. பனிநிலை உள்ள காற்றை வெளியே விட்டு அளந்தால் −20 °செ.க்கும் கீழே காட்டும்; அழுத்தத்தைக் கவனிக்காதவர் உலர்த்தி மிகச் சிறப்பாக இயங்குவதாகத் தவறாக நினைப்பார்.

பனிநிலை மெல்ல உயர்ந்தால் உறிஞ்சிப் பொருள் தேய்ந்திருக்கலாம், அல்லது கம்ப்ரசர் அறையின் வெப்பம் கூடியிருக்கலாம். திடீரென உயர்ந்தால் நீர் வெளியேற்றும் வால்வு அடைபட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். எச்சரிக்கை மணியுடன் இணைந்த அளவி, நீர் கருவிகளை எட்டும் முன்பே இதனை அறிவித்துவிடும்.