ஆல் வீல் டிரைவ் கார்னா பனியில வழுக்காதா? டயர் வாங்கும் முன் இதைப் படிங்க!

டொராண்டோவிலோ சிகாகோவிலோ வேலை பார்க்கும் மகன், சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் மாதிரி ஸ்போர்ட்டியான ஒரு காரை வாங்கிவிட்டு வீடியோ காலில் காட்டுகிறான். ஊரில் இருக்கும் அம்மாவின் முதல் கேள்வி, "பனியில வழுக்காதாப்பா?" என்பதாகத்தான் இருக்கும். "நாலு வீலுக்கும் பவர் போகுதும்மா, கவலையே வேணாம்!" என்று மகன் சமாதானம் சொல்வான்.

அவன் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி டயரில் இருக்கிறது.

கிளம்ப உதவும்... நிற்க?

ஆல் வீல் டிரைவ், இன்ஜினின் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அதனால் சிக்னலில் பச்சை விழுந்ததும், பக்கத்து கார் பனியில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்த கார் கிளம்பிப் போய்விடும். ஆனால், பிரேக் எல்லா கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. காரை நிறுத்தும்போது ஆல் வீல் டிரைவால் கூடுதல் லாபம் எதுவும் கிடையாது. அப்போது காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது, ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான்.

ஆபத்தும் இங்கேதான். கார் சுலபமாகக் கிளம்பிவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியவரும்.

7 டிகிரி கணக்கு

ஸ்போர்ட்டி கார்கள் பலவும் கம்பெனியிலிருந்து வரும்போதே 'சம்மர் டயர்' போட்டுத்தான் வருகின்றன. டபிள்யூ.ஆர்.எக்ஸும் அப்படித்தான். வெயில் காலத்தில் இந்த டயர்களின் பிடிமானம் அபாரமாக இருக்கும். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ரப்பர் இறுக ஆரம்பித்து, பிடிமானம் குறையும். கடும் குளிரில் ஓட்டினால் ரப்பரில் வெடிப்பே விழலாம் என்று டயர் கம்பெனிகள் எச்சரிக்கின்றன. பனியே பெய்யாத, வெறும் குளிர்நாளுக்கும் இது பொருந்தும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'ஆல் சீசன்' டயர். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1977-ல் 'டியெம்போ' என்ற டயரைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை அங்கே பிரபலமானது. வருடம் முழுக்க ஒரே டயர், சீசனுக்கு சீசன் மாற்றும் செலவு இல்லை. ஆனால், பெயரில் எல்லா சீசனும் இருந்தாலும் கடும் குளிரில் இதன் ரப்பரும் இறுகத்தான் செய்யும்.

டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

கடைக்காரர் என்ன சொன்னாலும், வாங்குவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

* எம் ப்ளஸ் எஸ்: 'மண், பனி' என்பதைக் குறிக்கும் எழுத்துகள். பள்ளங்களின் வடிவமைப்பை வைத்துத் தரப்படும் அடையாளம் இது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அல்ல.

* மூன்று சிகர மலை, நடுவே பனித்துகள்: இந்தப் படம் இருந்தால், அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால், வட அமெரிக்காவில் இதற்கான சோதனை, பனியில் கார் முன்னோக்கி நகரும்போது டயருக்குக் கிடைக்கும் பிடிமானத்தைத்தான் அளக்கிறது. ஐஸ் மீது பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பதை அளப்பதில்லை.

* 245/40ஆர்18 97டபிள்யூ: இது ஓர் உதாரணம். 245 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 40 என்பது பக்கவாட்டு உயரம், அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ வரை தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ வரை தாங்கும். கார் கதவின் ஓரத்தில் இருக்கும் ஸ்டிக்கரையும் காருடன் வந்த கையேட்டையும் பார்த்து, எடையைத் தாங்கும் எண் அதைவிடக் குறையாமல் வாங்குங்கள்.

* நான்கு இலக்கத் தேதி: 3524 என்றிருந்தால், 2024-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. 'ஆஃபர்' விலையில் கிடைக்கும் டயரில் இதை முதலில் பாருங்கள்.

மூன்றில் எது உங்களுக்கு?

நீங்கள் கார் ஓட்டப்போகும் மிகக் குளிரான நாள் எப்படியிருக்கும் என்று யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பனி அபூர்வம் என்றால்: டல்லாஸ், அட்லாண்டா போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு 'அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன்' வகை பொருந்தும். மிஷ்லினின் 'பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4', கான்டினென்டலின் 'டி.டபிள்யூ.எஸ் 06 ப்ளஸ்' ஆகியவை இந்த ரகம். காரின் துடிப்பு பெரிதாகக் குறையாது, மழையிலும் நம்பி ஓட்டலாம். கான்டினென்டல் டயரில் ஒரு வசதி உண்டு. டி, டபிள்யூ, எஸ் என்ற எழுத்துகள் தரையைத் தொடும் பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எஸ் தேய்ந்து மறைந்தால் இனி பனிக்கு ஆகாது. டபிள்யூ மறைந்தால் மழைக்கு ஆகாது.

அவ்வப்போது பனி என்றால்: மலைச் சின்னம் உள்ள 'ஆல் வெதர்' டயர் நல்லது. மிஷ்லினின் 'கிராஸ்கிளைமேட் 2' ஓர் உதாரணம். வளைவுகளில் சம்மர் டயரின் கூர்மை இதில் கிடைக்காது.

மாதக்கணக்கில் பனி என்றால்: டொராண்டோ, மான்ட்ரியல் குளிருக்குத் தனியாக வின்டர் டயர் வாங்குவதே சிறந்தது. இரண்டு செட் வாங்கினால் செலவு இரட்டிப்பாகாதா? முதலில் வாங்கும்போது பாரம்தான். ஆனால், ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தேயாமல் ஓய்வெடுப்பதால், இரண்டும் அதிக வருடங்கள் உழைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம், மலைச் சின்னமும் இருக்க வேண்டும். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் வின்டர் டயர் போட்டிருந்தால், கார் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

ஒன்று பஞ்சர், நான்குக்கும் செலவு!

ஆல் வீல் டிரைவ் கார் வாங்குபவர்கள் பலரும் கவனிக்காத விஷயம் இது. நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது சுபாரு. பள்ளத்தின் ஆழத்தில் கணக்கிட்டால், அது சுமார் 1 மி.மீ-தான்! ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால், மற்ற மூன்றைவிட அது மெதுவாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை ஓயாமல் ஈடுகட்டும் உள்பாகங்கள் சூடேறிப் பழுதாகும். அந்த ரிப்பேருக்கு முன்னால் டயர் விலையெல்லாம் சில்லறை.

அதனால் ஒரே பிராண்ட், ஒரே மாடலில் நான்காக வாங்குங்கள். கையேடு சொல்லும் இடைவெளியில் டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயர் மட்டும் வீணானால், புது டயரை மற்றவற்றின் அளவுக்குச் சீவித் தரும் கடைகள் அமெரிக்காவில் உண்டு. விசாரித்துப் பார்க்கலாம்.

குளிருக்கு முன் மூன்று வேலைகள்

* காற்றழுத்தம் பாருங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினாலே சுமார் 1 பி.எஸ்.ஐ குறைந்துவிடும்.

* பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். 1.6 மி.மீ வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பனிக்கு 4 மி.மீ-க்கு மேல் இருப்பது நல்லது.

* முதல் பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். அன்று டயர் கடையில் ஊரே வரிசையில் நிற்கும். அக்டோபரிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்!