டி.வி. பெட்டிக்குக் கம்பியில்லாக் கீபோர்டு: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடையில் டி.வி. எதற்கு என்று கேட்ட காலம் போய்விட்டது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு டி.வி.யை மாட்டி, அதனுடன் உள்ளங்கை அளவு ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை இணைத்துவிட்டால் காலையில் அதுவே விலைப்பலகை, சாயங்காலம் அதுவே கிரிக்கெட். சாக்பீஸால் எழுதி அழிக்கும் பலகையைவிடத் திரையில் விலை பளிச்சென்று தெரிகிறது. "அண்ணாச்சி, இன்னைக்கு உளுந்து என்ன விலை?" என்று ஒவ்வொருவருக்கும் வாய்வலிக்கப் பதில் சொல்லும் வேலையும் குறைகிறது.

சிக்கல் வருவது விலையை மாற்றும்போதுதான். பெட்டியோடு வரும் ரிமோட்டில் எழுத்துகள் கிடையாது. திரையில் தெரியும் கட்டங்களில் அம்புக்குறியை ஒவ்வொன்றாக நகர்த்தி எழுத வேண்டும். பத்துச் சரக்கின் விலையைத் திருத்தி முடிப்பதற்குள் நின்றிருந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். ஆகவே கம்பியில்லாக் கீபோர்டும், மவுஸ் அல்லது அதற்கு மாற்றான ஒன்றும் தேவைப்படுகின்றன. இவை ரூ. 500க்கும் கிடைக்கின்றன, ரூ. 5,000க்கும் கிடைக்கின்றன. விலை கூடியது எல்லாம் நம் கடைக்கு ஒத்துவரும் என்பதும் இல்லை. மலிவானது எல்லாம் லாபம் என்பதும் இல்லை.

டி.வி.க்குக் கீபோர்டு என்பது புதிய யோசனை அன்று. 1996ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 'வெப் டி.வி.' என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. டி.வி.யில் இன்டர்நெட் பார்க்க உதவிய அந்தப் பெட்டிக்குக் கம்பியில்லாக் கீபோர்டும் கிடைத்தது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியது; சேவை 2013இல் நிறுத்தப்பட்டது. அந்தக் கீபோர்டு, சாதாரண டி.வி. ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்தது. நடுவில் ஆள் நின்றால் கதிர் மறைந்துவிடும். இப்போது வருபவை பெரும்பாலும் ரேடியோ அலையில் இயங்குகின்றன. பெட்டிக்கு நேராக நீட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: கீபோர்டு பேசுவது பெட்டியோடு மட்டுமே. டி.வி.யை அணைக்கவும் போடவும் பழைய ரிமோட்டைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் வேண்டும்.

கடைக்குப் போகுமுன் உங்கள் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். யூ.எஸ்.பி. துளை காலியாக இருக்கிறதா, புளூடூத் வசதி உண்டா என்பதைப் பொறுத்தே கீபோர்டின் வகை அமையும். ஒரு வகைக் கீபோர்டு நகத்தளவு ரிசீவருடன் வரும்; அதை யூ.எஸ்.பி. துளையில் செருகினால் போதும். இன்னொரு வகை புளூடூத் மூலம் நேராகச் சேர்ந்துகொள்ளும். ஃபயர் டி.வி. ஸ்டிக் போன்ற குச்சி வடிவச் சாதனங்களில் சாதாரண யூ.எஸ்.பி. துளையே கிடையாது. அவற்றுக்கு ரிசீவர் வகைக் கீபோர்டை வாங்கிவந்தால் செருக இடமிருக்காது, புளூடூத்தான் வழி.

இரண்டுக்கும் வசதி இருந்தால் எதை எடுப்பது? ரிசீவர் வகையே கடைக்கு நல்லது என்பேன். கரண்ட் போய்த் திரும்ப வந்ததும், பெட்டி உயிர்பெற்ற உடனே அது வேலை செய்யும். புளூடூத் சில சமயம் மறுபடி சேர்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். சேராமல் போனால் ரிமோட்டை எடுத்துப் புதிதாக இணைக்க வேண்டிவரும். ஒரே கீபோர்டை டி.வி.க்கும் செல்போனுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த நினைப்பவர்கள் மட்டும், அந்த வசதியுள்ள புளூடூத் வகையைத் தேடலாம்.

அடுத்தது சுட்டும் கருவி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வீட்டு மேசையில் நன்றாக ஓடிய மவுஸ் கடையில் ஏன் ஓடவில்லை என்றால், நம் கடை மேசை கண்ணாடி! சாதாரண மவுஸ் அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, கீழே உள்ள பரப்பின் நுணுக்கமான அடையாளங்களைப் பார்த்துத்தான் தன் நகர்வைக் கணிக்கிறது. தெளிவான கண்ணாடியில் அதற்குப் பிடிமானமே இல்லை. கண்ணாடியிலும் ஓடக்கூடிய மவுஸ்களை 2009 முதல் லாஜிடெக் நிறுவனம் விற்கிறது, விலை அதிகம். மவுஸ்தான் வேண்டுமென்பவர்கள், போன வருடத்துச் சிவகாசி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தை அடியில் வைத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத வழி.

ஆனால் தராசும் சில்லரை டப்பாவும் பில் புத்தகமும் போக மவுஸை ஓட்ட மேசையில் இடம் ஏது? அதனால் கீபோர்டிலேயே டச்பேடு சேர்ந்து வரும் வகை நமக்குப் பொருத்தம். லாஜிடெக் கே400 பிளஸ் இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. வலப்பக்கத்தில் விரலால் தடவும் பலகை இருக்கும். இரண்டு ஏ.ஏ. பேட்டரியில் 18 மாதம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. மடியில் வைத்தும் தட்டலாம். குறை என்னவென்றால் டச்பேடுக்கு ஈரமும் எண்ணெயும் ஆகாது. வெல்லம் எடுத்த கையோடு தொட்டால் அம்புக்குறி கண்டபடி ஓடும். பக்கத்தில் ஒரு துணி எப்போதும் இருக்கட்டும்.

கையில் பிடித்துக் காற்றில் அசைத்தால் அம்புக்குறி நகரும் 'ஏர் மவுஸ்' என்ற வகையும் உண்டு. ரிமோட் வடிவில் இருக்கும். திருப்பினால் முதுகில் சிறு கீபோர்டு. நின்றுகொண்டே வியாபாரம் செய்பவர்களுக்கு வசதிதான். ஆனால் சிறிய கட்டத்தைக் குறிபார்த்து அழுத்தும்போது கை நடுங்கினால் அம்பும் நடுங்கும். படம் பார்க்க ஏர் மவுஸ் போதும். தினமும் விலை திருத்த அது போதாது என்பதே என் முடிவு. எதை வாங்கினாலும், சில டி.வி. செயலிகள் ரிமோட்டின் நான்கு அம்புக்குறிகளுக்காகவே செய்யப்பட்டவை, அவற்றில் மவுஸ் அம்பு பயன்படாது என்பதால், கீபோர்டில் அம்புக்குறி விசைகள் தனியாக, எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கீபோர்டு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியீட்டை மட்டுமே. அதைத் தமிழாக்குவது பெட்டியிலுள்ள மென்பொருள். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. க, ஆ என்று தட்டினால் கா ஆகிவிடும். பழகியவர்களுக்கு வேகமான முறை. ஆனால் வெளிக்கீபோர்டில் தமிழ் தட்டும் வசதி எல்லா டி.வி. பெட்டியிலும் கிடைப்பதில்லை. இதற்கு எளிய வழி உண்டு. துவரம்பருப்பு, பாமாயில், சீனி என்ற பெயர்கள் நாள்தோறும் மாறுவதில்லை. அவற்றைச் செல்போனில் ஒரே முறை தட்டிப் பட்டியலாகச் சேமித்து, அதே பட்டியலை டி.வி.யில் திறந்துகொள்ளலாம். பிறகு தினமும் மாறுவது எண்கள் மட்டுமே. ஆகவே நமக்கு முக்கியம் எழுத்து விசைகளைவிட எண் விசைகள். சில குட்டிக் கீபோர்டுகளில் எண்ணுக்கு இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அது விலையை மாற்றும் நமக்கு ஆகாது.

வாங்கிவந்த கீபோர்டு விட்டுவிட்டு வேலை செய்தால் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ரிசீவர், புளூடூத் இரண்டும் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வைஃபையும் பெரும்பாலும் அதிலேயே ஓடுகிறது. யூ.எஸ்.பி. 3.0 துளையும் அதே வரிசையில் இரைச்சல் உண்டாக்கும். டி.வி.யின் முதுகு, இரும்பு அலமாரி, அடுக்கிய எண்ணெய் டின்கள் எல்லாம் அலையை மறைக்கும். ஒரு முழ நீள யூ.எஸ்.பி. நீட்டிப்பு ஒயர் வாங்கி, ரிசீவரை டி.வி.க்கு முன்பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனிச் சொல்லப்போவதை முதலாளிகள் கட்டாயம் படிக்க வேண்டும். கம்பி இல்லை என்றால், நாம் தட்டுவது எல்லாம் காற்றில்தான் போகிறது. 2016 ஜூலையில் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 12 தயாரிப்பாளர்களின் மலிவுக் கீபோர்டுகளைச் சோதித்தது. அவற்றில் 8 பேருடையவை, தட்டும் எழுத்துகளை எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே அனுப்பின. 250 அடி தொலைவிலிருந்துகூட அதை ஒட்டுக்கேட்க முடியும் என்று காட்டினார்கள். 250 அடி என்றால் நம் கடைத்தெருவில் எத்தனை கடை தள்ளி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புளூடூத் கீபோர்டுகளில் அந்தக் குறை இல்லை. ரிசீவர் வகையில் அட்டைப்பெட்டியின் மேல் '128 பிட் ஏ.இ.எஸ்.' என்று போட்டிருந்தால் எழுத்துகள் பூட்டப்பட்டுப் போகின்றன என்று பொருள். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே நிறுவனம், பல பெயர்பெற்ற கம்பெனிகளின் மவுஸ் ரிசீவர்கள் வழியாகவே வெளியாள் எழுத்துகளைப் புகுத்த முடியும் என்றும் கண்டுபிடித்தது.

பெட்டியே கெட்டுப்போனதாகவும் இருக்கலாம். விற்பனைக்கு வருமுன்பே தீங்கான மென்பொருள் ஏற்றப்பட்ட மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரிக்கை விடுத்தது. ஆகவே பேங்க் பாஸ்வேர்டு, ஜி.எஸ்.டி. தளத்தின் பாஸ்வேர்டு, ஈ-வே பில் இவற்றை டி.வி. பெட்டியில் தட்டவே கூடாது. கீபோர்டு எவ்வளவு நல்லதாயினும் சரி. அந்த வேலைக்குக் கம்பியுள்ள கீபோர்டுடன் ஒரு கம்ப்யூட்டர் தனியாக இருக்கட்டும். டி.வி.யில் விலைப்பட்டியலுக்கென்று கடைப் பெயரில் தனி மெயில் கணக்கு தொடங்கிக்கொள்வதும் நல்லது. சொந்தக் கணக்கைப் பெட்டியில் போட வேண்டாம்.

கம்பியில்லாக் கீபோர்டும் செட்டாப் பெட்டியும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்த பின்பே விற்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு வந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே இருந்தவை. பொருளின் மேலோ அட்டையிலோ 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். செல்போன் உதிரிச் சாமான்களும் சேர்த்து விற்கும் நம் உறுப்பினர்கள், கொள்முதல் செய்யும்போதே இதைப் பார்த்து எடுப்பது நல்லது. பதிவில்லாத சரக்கை விற்பது சட்டப்படி குற்றம்.

கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், எச்.எஸ்.என். எண் 8471. கடை உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லிப் பில் வாங்கினால் அந்த வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு வரவு கிடையாது. ஆனாலும் பில்லை விடாதீர்கள். வாரண்டிக்கு அந்தச் சீட்டுத்தான் கேட்பார்கள், கெட்டுப்போனதைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்துக்கோ தென்காசிக்கோ பஸ் ஏறும்போது அது சட்டைப்பையில் இருக்க வேண்டும்.