பழைய கோபாலா, புதிய கோபாலா?

தேர்வு முடிந்த மறுநாள், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. பி.டி.பி.டி.என். கடன் வேறு கழுத்துவரை நிற்கிறது. ஆனால் ரசம் வருவதற்குள் தொடங்கி, இலை மடித்த பிறகும் முடியாமல் போன சண்டை ஒரு கார்ட்டூனைப் பற்றியது: பழைய போபோய்போய் நல்லதா, போபோய்போய் கேலக்சி நல்லதா?

சிரிக்காதீர்கள். நீங்கள் 2005-க்குப் பக்கத்தில் பிறந்தவர் என்றால், உங்களுக்கும் இதில் ஒரு பக்கம் இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிசாம் ரசாக்கும் அவருடைய நண்பர்களும் 2009-இல் தொடங்கிய அனிமொன்ஸ்தா நிறுவனத்தின் முதல் தொடர் போபோய்போய். 2011 மார்ச் 13-ஆம் தேதி டிவி3-இல் வந்தது. பள்ளி விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வரும் ஒரு பையன். தாத்தா தோக் அபாவுக்கு ஒரு கோகோ பானக் கடை. கடைக்குப் பெயர் கோகோதியாம். நம் ஊர் கோப்பிதியாமில் கோப்பியை எடுத்துவிட்டுக் கோகோவைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கோகோவைத் திருட வேற்றுக்கிரகத்திலிருந்து பச்சை நிறச் சதுரத் தலையோடு ஒருவன் வருகிறான். பெயர் அடு டு. கூப்பிட்டாலே யாரோ வலியில் முனகுவது போல இருக்கும். அவன் கொண்டுவந்த ஓச்சோபோட் என்ற உருண்டை ரோபோ பையனின் கைக்கு மாறி, அவனுக்கும் அவன் நண்பர்கள் யாயா, யிங், கோபால் மூவருக்கும் சக்தி கொடுக்கிறது. பின்னால் ஃபாங் வந்து சேர்கிறான். புலாவ் ரிந்திஸ் என்ற அந்தக் கற்பனைத் தீவில், பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் நடுவில்தான் மூன்று பருவக் கதையும் நடக்கிறது.

பிறகு 2016 மார்ச்சில் முதல் திரைப்படம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 25-இல் போபோய்போய் கேலக்சி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கதை பூமியை விட்டுக் கிளம்பி, தாப்போப்ஸ் என்ற அமைப்பில் சேர்ந்து, கோள் கோளாகச் சக்திக் கோளங்களைத் தேடிக் காப்பாற்றுவதாக மாறியது. ஃபாங்கின் அண்ணன் கேப்டன் கைசோ, சண்டை, சீருடை, விண்கப்பல் என்று எல்லாமே பெரிதாயின. 2019 ஆகஸ்டில் இரண்டாவது திரைப்படம். அதன் பின் கதை கொமிக் புத்தகங்களில் தொடர்ந்தது.

உலகத்தில் இது புதிய சண்டை இல்லை. பிரிட்டனில் 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ 1989-இல் நின்று, 2005-இல் தொடராகத் திரும்பியபோதும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பதினாறு ஆண்டுகள். நமக்கு வெறும் ஐந்து. ஆனால் பாலர்பள்ளியிலிருந்து ஆண்டு 5 வரைக்கும் உள்ள ஐந்து ஆண்டுகள் சின்ன விஷயமா? பல் விழுந்து முளைத்த காலம் அது.

கடையில் பழைய தொடருக்காக வாதாடியவன் கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வந்த நண்பன். அவன் கட்சி இதுதான்: "பழசுல ஒரு கடை இருந்துச்சு, ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு, கோபாலுக்கு ஓர் அப்பா இருந்தாரு. புதுசுல நம்ம ஆளுக்கு வீடே இல்லடா. கப்பல்லதான் குடித்தனம்."

எதிரில் உட்கார்ந்திருந்த தோழி அனிமேஷன் படிக்கிறாள். அவள் விடவில்லை. கணினியில் ஒரு கடையை ஒருமுறை கட்டிவிட்டால் ஒவ்வொரு வாரமும் அதையே பயன்படுத்தலாம். நாற்காலி, மேசை, மரம் எதையும் திரும்பச் செய்ய வேண்டாம். சின்ன நிறுவனங்களின் தொடர்கள் இரண்டு மூன்று இடங்களிலேயே சுற்றிச் சுற்றி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்றாள். வாரம் ஒரு புதிய கிரகம் காட்டுவதென்றால் வாரம் ஒரு புதிய ஊரையே கட்ட வேண்டும். தலைமுடி அசைவது, தண்ணீர் தெறிப்பது, வெளிச்சம் விழுவது எல்லாமே கேலக்சியில் வேறு தரம். "நீ ஊர் ஊருன்னு உருகுறது பாதி செலவுக் கணக்குதான்" என்றாள். எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. நாங்கள் நெஞ்சில் வைத்திருந்த புலாவ் ரிந்திஸ் கையைக் கடித்ததால் பிறந்த ஊராக இருந்தால்தான் என்ன? நம் பாட்டி வீட்டுச் சமையலும் அப்படித்தானே.

நான் அன்று கேலக்சி பக்கம். ஆனால் என் காரணம் தலைமுடியும் தண்ணீரும் இல்லை.

படிவம் 1-இல் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். வகுப்பில் தமிழ்ப் பையன்கள் மிகக் குறைவு. இரண்டாவது வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். என் உண்மைப் பெயரில் ஓர் எழுத்துகூடக் கோபாலோடு ஒத்துப்போகாது. கோபாலின் சக்தி என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பொருளைச் சாப்பாடாக மாற்றுவான். எனவே உடற்கல்வி நேரத்தில், கழிப்பறை வாசலில், பேருந்து நிற்கும் இடத்தில், "ஓய் கோபால், இந்தப் பென்சில நாசி லெமாக்கா மாத்து!" சிரித்துக்கொண்டே கடந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்த நாள்களும் உண்டு. அம்மா வயிற்றுவலி என்று நினைத்து ஓம தண்ணீர் கொடுத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்புவரை எனக்குப் பிடித்ததே கோபாலைத்தான். என் மலாயில் பாதி புலாவ் ரிந்திஸில் கற்றது. அந்த மலாய்க்கு நடுவில் திடீரென்று "டேய்" என்று ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும்? வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிப் பக்கம் திரும்புவோம். உப்பின் இப்பினில் ராஜு இருக்கிறான், அவனுடைய மாடு இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் மாட்டோடு வருகிறவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். சக்தியோடு வருகிறவன் வேறு. மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் கோபாலுக்குத் தன் சக்தி என்னவென்று தெரியவரும். அந்தக் காத்திருப்பு எங்கள் வீட்டில் யூ.பி.எஸ்.ஆர். முடிவுக்குக் காத்திருந்ததைவிடப் பெரிது.

அப்படிப்பட்டவனையே எனக்குப் பட்டப்பெயராக்கி, என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். அதனால்தான் கேலக்சியைப் பிடித்துக்கொண்டேன். அதில் கோபால் உயரமாகிவிட்டான், விண்கப்பலில் போகிறான். இரண்டாவது படம் வந்தபோது நான் படிவம் 2. வகுப்பு நண்பர்களோடு நூ சென்ட்ரலுக்குப் போனேன். கோபால் திரையில் ஏதோ செய்ய, அரங்கமே சிரித்தது. யார் திரும்பி என்னைப் பார்க்கப்போகிறார்கள் என்று இருட்டில் காத்திருந்தேன். யாரும் திரும்பவில்லை. எல்லோரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவன் பாப்கார்னை நீட்டினான்.

இதை நான் அந்த வாழையிலைக் கடையில் சொல்லவில்லை. "கேலக்சியில கதை நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். கிள்ளான் நண்பன் நம்பவில்லை. ஒரு பந்தயம் கட்டினான்: இரண்டையும் திரும்பப் பார்த்துவிட்டு வா.

விடுமுறையில் கிள்ளானில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த வீடு. நான் மடிக்கணினியில் கார்ட்டூன் பார்ப்பதைப் பார்த்துப் பெரியப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்தார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அறிவியல் புனைகதை. 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. அதாவது நான் எஸ்.பி.எம். எழுதிய காலத்தில்! ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாட்டில் நிலா என்ற பெண். அவள் வீட்டுக்கு வந்து தங்கும் ஒருவனிடம் ஜீனோ என்ற இயந்திர நாய். முதல் புத்தகத்தில் அது வளர்ப்புப் பிராணி. இரண்டாவதில் கதையையே தன் காலடிக்குக் கொண்டுவந்துவிடும்.

"முதல் புத்தகம் மாதிரி வராது. அதுல பயம் இருந்துச்சு. ரெண்டாவதுல நாய்தான் இருக்கு" என்றார் பெரியப்பா. சமையலறையிலிருந்து பெரியம்மா குரல்: "அந்த நாய்க்காகத்தான் நான் படிச்சேன்." முப்பது ஆண்டுச் சண்டை போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவு நான் பார்த்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதலில், நான் நினைத்த அளவுக்குப் புதிய கோபால் மாறவில்லை. உடை மாறியது; உயரம் மாறியது. ஆபத்து வந்தால் முதலில் அலறுவது இப்போதும் அவன்தான். சாப்பாட்டைப் பற்றி முதலில் பேசுவதும் அவன்தான். குரலும் அதே டுசுபிர் முகமட் சகாரியாவின் குரல். (போபோய்போயின் குரலும் இரண்டிலும் நூர் ஃபத்தியா டியாஸ் என்ற பெண்ணின் குரல்தான். இது தெரியாமல் பத்து ஆண்டு ரசிகன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.) இரண்டாவது, பழையதில் நான் பார்க்க மறந்தது. அங்கே கோபால் பயந்தாங்கொள்ளி, சரி. ஆனால் யாரும் அவனை விட்டுவிட்டுப் போவதில்லை. பயந்து ஓடியவன் அடுத்த காட்சியில் அதே கோகோதியாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். தோக் அபா கோப்பையை வைப்பார். எனக்குப் பெயர் வைத்த வகுப்பில் அந்த நாற்காலி இல்லாததுதான் என் குறையே தவிர, கோபால் இல்லை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பல இனத்துப் பிள்ளைகள் உள்ள கதையில் சிரிக்க வைக்கும் வேலை ஏன் நம் ஆளுக்கே வருகிறது? அமெரிக்காவில் 1966-இல் ஸ்டார் டிரெக் தொடங்கியபோது, அதில் உஹூரா என்ற அதிகாரியாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண். முதல் பருவத்தோடு விலகிவிட நினைத்தாராம். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, போகாதே என்று கேட்டுக்கொண்டாராம். நிக்கல்ஸே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கப்பலில் அவருக்கு அழைப்புகளை இணைக்கும் வேலைதான். வசனமும் அதிகமில்லை. ஆனாலும் எதிர்காலத்தில் தங்களுக்கும் ஓர் இருக்கை உண்டு என்று வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கு அது காட்டியது. 1987-இல் அந்தத் தொடர் புதிய கப்பலோடும் புதிய ஆள்களோடும் திரும்பியது; அதன் இரண்டாவது பருவத்தில், அதே இனத்தவர் கப்பலின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். ஜியோர்டி லா ஃபோர்ஜ் என்று பெயர்.

என்னைக் கேட்டால், கேலக்சியிடம் எதிர்பார்த்தது அதுதான். விண்கப்பல் கிடைத்தது. பதவி உயர்வு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. கோபாலின் சக்தியை நினைத்துப் பாருங்கள்: ஒரு பொருளின் மூலக்கூறுகளையே மாற்றுகிறவன். வேதியியல் படிக்கும் யாரையும் கேளுங்கள், அந்தக் குழுவிலேயே பயங்கரமான சக்தி அதுதான் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு பெரும்பாலும் தின்பண்டம் செய்துகொண்டிருக்கிறான். எழுத்தாளர்கள் மனது வைத்தால் அவன் ஒருவனே ஒரு கோளைக் காப்பாற்றலாம்.

இதையெல்லாம் கைப்பேசியில் கிள்ளான் நண்பனுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அக்கா மகன் வந்து பக்கத்தில் விழுந்தான். ஆறு வயது. அவன் யூடியூப்பில் இரண்டையும் கலந்து பார்க்கிறான். ஒன்று முடிந்தால் எது வருகிறதோ அது. எது பழசு, எது புதுசு என்று அவனுக்குத் தெரியாது. உனக்கு எந்தக் கோபால் பிடிக்கும் என்று கேட்டேன். என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இது சின்ன கோபால், அது பெரிய கோபால். ஒரே ஆள்தான் மாமா."

பிறகு விளையாடக் கூப்பிட்டான். யார் யார் என்ன என்பதை அவனே பிரித்தான். போபோய்போய் வேடத்தைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, "நான்தான் கோபால்" என்றான். அப்போது நான் யார் என்று கேட்டேன். பெரியம்மா வாங்கிவைத்திருந்த மைலோ பெட்டியைக் காலிசெய்து கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வாசலில் நிறுத்தி, கையை நீட்டி, டேய் என்று கத்தி, என்னை ஒரு ரொட்டி சானாயாக மாற்றினான்.